கரெண்ட் போனபோது வந்த தண்ணீர்

நீலசந்திராவில் எங்கள் சந்துக்குக் காவேரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் வரும். ஆரம்பத்தில் எல்லா வீட்டுக் குழாயிலும் சுமாராகவாவது வந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் குழாயில் மோட்டார் மாட்டி உறிஞ்சினார். பக்கத்து வீட்டில் தண்ணீர் நின்றது, அவர்களும் மாட்டினார்கள். பிறகு நாங்கள். எல்லோரும் மாட்டியதும் யாருக்குமே சரியாக வரவில்லை. எதிர்வீட்டு அக்கா இன்னும் பெரிய மோட்டார் வாங்கினார். எங்களுடையது வெறும் காற்றை இழுத்தது. நாங்களும் பெரியதாக வாங்கினோம். இதில் யாரைப் போய்த் திட்டுவது?

போன வாரம் தண்ணீர் வரும் நேரத்தில் கரெண்ட் போய்விட்டது. சந்து முழுக்க மோட்டார் சத்தம் அடங்கியது. எரிச்சலோடு குழாயைத் திறந்தேன். தண்ணீர் தானாகவே வாளியில் கொட்டியது. எதிர்வீட்டு அக்காவும் வாசல் குழாயில் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, எல்லாரும் மோட்டாரைக் கழட்டிட்டா ஒவ்வொரு தடவையும் இப்படியே வருமில்ல?" என்றேன்.

"வரும்மா. நீ மொதல்ல கழட்டு, அப்புறம் நான் கழட்டறேன்."

அதற்குள் கரெண்ட் வந்தது. அக்கா குடத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினார். என் வாளியில் விழுந்த தண்ணீர் நூலாக மெலிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நானும் சுவிட்சைப் போட்டேன்.