ஆர்லிஸின் இருபது மைல்

ஆர்லிஸ் ட்வெய்ட் மாநில அரசின் கடிதத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். "முதல் பக்கத்துல சர்க்கரையத் தடவியிருப்பாங்க. கத்தி பின்னாடிதான் இருக்கும்" என்பார். படித்து முடித்ததும் உறையைப் பிரித்து உட்பக்கத்தையும் பார்ப்பார். இருபத்தாறு வருடமாக அதற்குள் எதுவும் இருந்ததில்லை. அதுவும் அவருக்குச் சந்தேகம்தான்.

எங்கள் கோல்டர் பள்ளி மாவட்டத்தின் எழுத்தர் அந்த அம்மாள். மாவட்டம் என்றால் மொத்தமே ஒரு கட்டிடம், ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள், இரண்டு பேருந்துகள். நான் கணக்கு வாத்தியார். என் வகுப்புக்கும் அவர் அறைக்கும் நடுவில் மெல்லிய சுவர் ஒன்றுதான். அமெரிக்காவின் இந்த டகோட்டா சமவெளியில் வழி தப்புவது சகஜம். ஆனால் பக்கத்து ஊரான பிராண்டின் பள்ளிப் பேருந்து எங்கள் எல்லைக்குள் வந்து திரும்பினால் போச்சு. "வழி தெரியலியாம். நம்ம பிள்ளைங்களக் கொத்திட்டுப் போக வந்திருக்கு" என்று வண்டி எண்ணைக் குறித்துக்கொள்வார்.

இந்த வருடக் கடிதத்தில் உண்மையாகவே கத்தி இருந்தது. அடுத்த பள்ளியிலிருந்து சாலை வழியே இருபது மைலாவது தள்ளி இருக்கும் சிறு பள்ளிக்குத்தான் தனி மானியம். வரைபடத்தின்படி கோல்டர் இருபதைத் தொடவில்லை, நேரில் அளக்க ஆள் வருவார் என்றிருந்தது. மானியம் போனால் ஜூன் மாதம் பள்ளியைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளை பிராண்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

வந்தவர் பெயர் குவென்டின். சாதுவான மனிதர். ஆர்லிஸ் முதல் வேலையாக அவர் வண்டியின் டயர்களில் காற்றை அளந்தார்.

"காத்து அதிகமா இருந்தா தூரத்தக் கம்மியாக் காட்டும். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

காற்று சரியாகத்தான் இருந்தது. பிராண்ட் பள்ளி வாசலிலிருந்து எங்கள் வாசல் வரைக்கும் இருவரும் ஒரே வண்டியில் வந்தார்கள். மீட்டர் காட்டியது பத்தொன்பது புள்ளி ஒன்பது.

"வளைவுல எல்லாம் உள்பக்கமா ஒடிச்சு ஓட்டுனீங்க" என்றார் ஆர்லிஸ்.

"சரி விடுங்க மேடம். நான் இருபதுன்னே எழுதிடறேன்."

எனக்கு அவர் கையைப் பிடித்துக் குலுக்கலாம் போலிருந்தது. ஆர்லிஸ் அசையவில்லை. "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். உங்க தயவுல இருபது ஆனா, அடுத்த வருஷம் வேற ஒருத்தர் வந்து பத்தொம்பதாக்குவாரு. எதுவும் எழுதாதீங்க. நானே அளக்கறேன்."

சாட்சி வைத்து அளந்தால் ஏற்றுக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு குவென்டின் போனார். அந்தச் சாட்சி நான்.

சனிக்கிழமை காலை, சாலைத் துறையில் இரவல் வாங்கிய, தள்ளிக்கொண்டு நடந்தால் தூரம் காட்டும் அளவுச் சக்கரத்தோடு ஆர்லிஸ் பிராண்ட் பள்ளி வாசலில் நின்றார். அதையும் நம்பாமல் இரும்பு டேப்பை நீட்டிச் சரிபார்த்த பிறகே முதல் அடி வைத்தார். அறுபத்தொரு வயது, இடது முழங்காலில் கோளாறு, எதிர்க்காற்று. சாலையின் நடுக்கோட்டை விட்டு விலகவேயில்லை. விளக்கை மினுக்கிக்கொண்டு பின்னால் நான் காரில் ஊர்ந்தேன். பீட்ரூட் லாரிகள்தான் அவருக்கு ஒதுங்கிப் போயின. இருட்டியதும், மறுநாள் தொடர வசதியாக நிறுத்திய இடத்தில் சுண்ணாம்புக் கோடு போடலாம் என்றேன். "மழ பெஞ்சா?" என்று கேட்டுவிட்டு, தாரில் ஆணி அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சக்கரம் எங்கள் வாசல் கதவில் இடித்து நின்றது. ஆர்லிஸ் எண்ணைப் பார்க்கவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டு, எண் தெரியும் பிடியை என் பக்கம் திருப்பினார்.

"நீ படி. நான் படிச்சா எனக்கு வேணுங்கறதத்தான் படிப்பேன்."

படித்தேன். இருபது மைலுக்கு மேல் நாற்பத்தோரு அடி. அதையே இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

"உனக்கும் இங்கதான சம்பளம்" என்றார் ஆர்லிஸ். "போயி வேற யாரையாவது கூட்டிட்டு வா."

சக்கரத்தை அசையாமல் பிடித்தபடி, மூடிய கண்ணைத் திறக்காமலே நின்றார்.