குரூப்பில் கேட்கக் கூடாத கேள்வி

தினமும் மாலை ஐந்தேகாலுக்கு என் கைப்பேசி நடுங்க ஆரம்பிக்கும். பேத்தி யாழினியின் மூன்றாம் வகுப்புக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. வகுப்பு ஆசிரியை வீட்டுப்பாடத்தை அதில் போட்டதும் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழும். "தேங்க்யூ மிஸ்", ஒரு கும்பிடு. "ஓகே மிஸ்", இன்னொரு கும்பிடு. குரூப்பில் முப்பத்தெட்டுப் பெற்றோர். மகள் என் எண்ணையும் சேர்த்துவிட்ட நாளிலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறேன். கும்பிடு முப்பதுக்குக் குறைந்ததில்லை. கேள்வி ஒன்றுகூட வந்ததில்லை. பள்ளிக் கூட்டத்துக்குப் போனால் வாய் ஓயாமல் பேசும் சிரம்பான் நண்பர்களே, நீங்கள் இதை நம்பமாட்டீர்கள்.

மலேசியாவில், நம் சிரம்பான் மருத்துவமனை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் கிராணியாக, இங்கே சொன்னால் குமாஸ்தாவாக, இருந்துவிட்டு, மனைவி போன பிறகு மகள் கலாவோடு இருக்கலாமென்று கோவளம் வந்து பதினான்கு மாதமாகிறது. மருமகனுக்கும் மகளுக்கும் ஐ.டி. வேலை. என் பாட்டனார் இதே செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்துதான் கப்பலேறினார். அதைச் சொன்னாலும் இங்கே நான் 'மலேசியாக்காரர்'தான். "பசியாறிட்டீங்களா?" என்று ஆட்டோ ஓட்டும் செல்வத்தை ஒரு காலையில் நம் ஊர் வழக்கப்படி நலம் விசாரித்தேன். "இன்னா நைனா, பசிக்குதா? நாஸ்தா வாங்கியாரட்டா?" என்று வண்டியைத் திருப்பிவிட்டார்.

யாழினிக்கு வாசிக்க வரவில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கே ஐந்து மாதம் ஆனது. பாடத்தைக் கையில் கொடுத்தால் கடகடவென்று படிப்பாள். ஒரு நாள் நாலாவது வரியின் நடுவில் விரலை வைத்து, "இது என்ன?" என்றேன். முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்தச் சொல்லைப் பிடித்தாள். மொத்தப் பாடமும் மனப்பாடம். அம்மா சொல்லச் சொல்லக் கேட்டு நெட்டுரு போட்டு, இருபதுக்குப் பதினெட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது பிள்ளை!

ஆசிரியையைப் பார்க்கலாமென்று போனேன். காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. "டைரில எய்திக் குடு பெரியவரே, உள்ளல்லாம் வுட மாட்டாங்க." எழுதினேன், மூன்று முறை. மூன்று முறையும் 'பார்த்தேன்' என்று ஒரு கையெழுத்து மட்டும் திரும்பி வந்தது. எதைப் பார்த்தார், பார்த்து என்ன செய்தார்?

கலாவுக்கும் எட்டு வயதில் இதே சிரமம் இருந்தது. சிரம்பான் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இவளைக் குறைநீக்கல் வகுப்பில் சேர்க்கலாம் என்றார். அதற்கென்று தனி அறை இல்லை. ஒன்பது அப்பாக்கள் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் போட்டோம், எல்லோரும் கூடிக் கூலியில்லாமல் செய்யும் வேலை. பழைய சாமான் அறையைக் காலி பண்ணிப் பச்சைச் சாயம் அடித்தோம். அம்மாமார்கள் மீகூன் என்ற அரிசிச் சேமியாவைக் கிளறிக் கொண்டுவந்தார்கள். பத்து மாதத்தில் கலா வாசித்தாள். பள்ளியும் வீடும் சேர்ந்தால் இவ்வளவுதான் வேலை என்று அன்று முதல் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பில்தான் குரூப்பில் எழுதினேன்: "என் பேத்தி யாழினிக்கு வாசிக்க வரவில்லை. வேறு யார் வீட்டிலும் இப்படி உண்டா? சேர்ந்து ஏதாவது செய்வோமா?"

அன்றைக்கு ஒரு கும்பிடும் விழவில்லை. முப்பத்தேழு பேர் பார்த்ததாகக் காட்டியது. முப்பத்தெட்டாவது ஆள் கலா. அவள் நேரிலேயே வந்தாள்.

"யாரைக் கேட்டுப்பா போட்டீங்க? நாளைக்கு வேன்ல எல்லாப் பிள்ளைங்களும் கேலி பண்ணும்."

"உனக்கும் இப்படித்தானேம்மா சரியாச்சு?"

"சரியாச்சு. நீங்க அடிச்ச சாயத்தால ஆறாம் வகுப்பு வரைக்கும் என்னைப் 'பச்சை ரூம்'னுதான் கூப்பிட்டாங்க. உங்களுக்குத் தெரியுமா அது?"

தெரியாது. எத்தனை தகரச் சாயம் செலவானது என்பது இன்றும் நினைவிருக்கிறது. இது தெரியாது.

மறுநாள் பள்ளியே கூப்பிட்டது. தலைமையாசிரியை சிரித்த முகத்தோடு சொன்னார்: "ஆண்டுத் தேர்வுல பாக்காத பாடம் ஒண்ணு வாசிக்கச் சொல்வோம் சார். வரலன்னா டி.சி. வாங்கிக்கலாம். அதுவரைக்கும் குரூப்ல எழுதி மத்த பேரன்ட்ஸைப் பயமுறுத்தாதீங்க." பிள்ளை தடுமாறினால் கை கொடுக்க வேண்டிய இடம், வெளியே போகும் வழியைக் காட்டுகிறது. வாசிக்க வராத பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்பினால், அங்கே மட்டும் எழுத்து தானாக வந்து ஒட்டிக்கொள்ளுமா? கேட்டுவிட்டு எழுந்தேன்.

வெளியே வந்தால் செல்வம் நிற்கிறார். அவர் மகனும் அதே வகுப்பு.

"இன்னா நைனா, குரூப்ல இப்டிப் பேஜாரு பண்ட்டீங்க? என் பையனும் அப்டித்தான் கீறான். அதுக்குன்னு ஊரைக் கூட்டியா சொல்லுவாங்க?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "எதுனா பண்றதா இருந்தா நம்ம வூட்டுப் புள்ளையயும் சேத்துக்கோ."

அந்த வாரத்துக்குள் தனித்தனியாக இன்னும் நாலு பேர் செய்தி அனுப்பினார்கள். நாலும் ஒரே மாதிரி முடிந்தன: யாரிடமும் சொல்லாதீர்கள். அதற்கும் மேல், டைரியில் 'பார்த்தேன்' என்று எழுதிய ஆசிரியை சுகந்தியே போனில் அழைத்தார். வேடந்தாங்கல் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். வேலைக்காகக் கேளம்பாக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். "என் தம்பிய ஒன்பதாவதுல டி.சி. குடுத்து அனுப்பிட்டாங்க சார். சனிக்கிழமை சனிக்கிழமை நான் வரேன். ஸ்கூலுக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும்."

ஆக, எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆறு பிள்ளைகள், ஆறு பெற்றோர், ஒரு ஆசிரியை. பள்ளியும் வீடும் சேர்ந்துதான் விட்டன, திருட்டுத்தனமாக! சுகந்தி எழுத்துகளை அட்டையில் பிரித்துப் பிரித்துச் சொல்லித் தருகிறார்; வீட்டில் தினம் எந்தப் பத்து நிமிடம் என்ன செய்வது என்று பெற்றோருக்கும் பாடம். கூட்டத்தைப் பற்றிப் பேசியபோது, "இங்கே வேண்டாம்" என்று சொன்ன கலா, இப்போது அடுக்களையில் டீ போடுகிற சாக்கில் கதவோரம் நின்று கேட்கிறாள்.

போன சனிக்கிழமை, தேர்வுக்குப் பத்தொன்பது நாள் இருக்கையில், வாசலில் பள்ளி வேன் டிரைவர் வந்து நின்றார்.

"இன்னா பெரியவரே, இத்தினி செருப்பு?"

"பேத்திக்குப் பொறந்தநாளு."

"போன வாரமும் அதைத்தானே சொன்னே?"

"அது நட்சத்திரம். இது தேதி. பூசை நடந்துகினு கீதுப்பா, அப்புறமா வா."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். என் வாயிலிருந்தா இது வந்தது? எழுபத்திரண்டு வயதில், இந்த ஊர்ப் பேச்சில், இந்த ஊர்ப் பொய்! ஒளிக்காமல் குரூப்பிலேயே போட்டு உடைத்தவன், குனிந்து ஜோடி ஜோடியாகச் செருப்புகளை உள்ளே எடுத்து வைக்கத் தொடங்கினேன்.

கூடத்தில் சுகந்தி ஒரு புதுப் பக்கத்தை யாழினிக்கு நீட்டியிருந்தார். அவள் இதுவரை பார்க்காத பக்கம். முதல் வரியில் இரண்டு இடத்தில் தடுக்கினாள். இரண்டாம் வரியில் ஒன்று. சுகந்தி நடுவில் விரலை வைத்தார். பின்னால் போகாமல், விரல் இருந்த இடத்திலேயே வாசித்தாள்.

"சத்தம் போடாம எடுங்கப்பா, அவ வாசிக்கிறா" என்று கலா என் கையிலிருந்த செருப்புகளை வாங்கிக்கொண்டாள்.

இந்த ஊரெல்லாம் கேட்கட்டும் என்று கதவை விரியத் திறக்கச் சொல்கிறது சிரம்பான். தாழ்ப்பாளைப் போடச் சொல்கிறது கோவளம். வாசற்படியில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து, பதிமூன்றாவது ஜோடியைக் கையில் பிடித்தபடி நின்றேன். உள்ளே அவள் மூன்றாம் வரிக்குப் போயிருந்தாள்.