திராட்சைக் கொடியடியில் நான் வைத்த கற்கள்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நான் கனடாவின் மொன்றியல் நகரைக் கைவிடவில்லை. பனி தள்ளி லொறி வாங்கினேன். லொறி ஓடிக் கடை போட்டேன். இன்று பக்கத்து நகரான புரோசார்ட்டில் என் கட்டடங்களுக்கு முன்னால் கார் நிறுத்த இடமில்லை. ஆனால் இவற்றையெல்லாம் விடப் பெரிய காரியத்தைப் பத்து வயதிலேயே செய்து முடித்துவிட்டேன். அது ஒரு வெள்ளை வைன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் ஒரு கிழவரின் திராட்சைத் தோட்டத்தில் கூலிக்கு நின்றார். சனிக்கிழமைகளில் என்னையும் கூட்டிப்போவார். தெற்கே பார்த்த மலைச்சரிவு. மண்ணைவிடக் கல்தான் அதிகம். ஊர்ச் செம்மண்ணில் பந்தல் போட்டுத் திராட்சை வளர்த்த மாமாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"கல்லுக்குள்ள கொடி என்னத்தைத் தின்னும்? பொறுக்கடா மருமோன்!"

நாரிப்பிடிப்பில் இடுப்பை அசைக்க முடியாமல் வீட்டோடு கிடந்த கிழவருக்கு இது தெரியாது. கோடை முழுக்கப் பொறுக்கினோம். வெயில் போன பிறகும் அந்தக் கற்கள் சூடாக இருக்கும். முதுகை வைத்துப் படுத்தால் அப்படியொரு சுகம். குளிர்காற்றோ சரிவால் இறங்கி அடிவாரத்தில் தேங்கும். கடைசி வரிசைக் கொடிகள் பாவமென்று, மாமா காணாமல் அவற்றின் காலடியில் கற்களைத் திருப்பி அடுக்கினேன்.

அறுவடைக்கு முன்பே உறைபனி விழுந்தது. துப்புரவாக்கிய வரிசைகளில் இலை கருகிப்போனது. என் வரிசை மட்டும் பச்சையாக, பழுத்துக் குலுங்கியது. தடியூன்றி வந்த கிழவர், கல் வைத்தது யாரென்று கேட்டார். குளிர்காலத்துக்கும் யாரை வேலையில் வைத்துக்கொள்வதென்று அவர் முடிவெடுக்க வேண்டிய வாரம் அது. மாமா கையைத் தூக்கினார்.

"மாமா, நானெல்லோ வைச்சனான்!"

"சத்தம் போடாதையடா. டோனட் வாங்கித் தாறன்."

வாங்கித் தந்தார். அழுதுகொண்டே இரண்டு தின்றேன்.

கிழவர் அந்த வரிசையைத் தனியாகப் பிழிந்தார். பிறகு சரிவு முழுக்கக் கற்களைத் திருப்பிப் போடச் சொன்னார். இன்றும் அந்த வைன் பச்சை அப்பிள் போலச் சுருக்கென்று தொடங்கி, சுடுகல்லில் மழை விழுந்த வாசத்தோடு முடியும். கலியாண வீடுகளில் மாமா கிளாஸைத் தூக்கி, "எல்லாம் என்ர கல்லு வேலை" என்பார். சனம் கைதட்டும்.

நிரந்தர வேலை இருந்தால்தான் ஊரில் இருந்த மாமியை இங்கே கூப்பிடலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. விமான நிலையத்தில் மாமிக்குப் பூ நீட்டியபோதும் விளங்கவில்லை. மாமி வந்தது சந்தோசம். ஆனால் கல் வைத்தது நான். போத்தலில் என் பெயரைப் போடுங்கள்.