மூன்று ஆமையும் ஒரு பியாவாக்கும்

மலேசியாவில், கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளி. அதன் அலுவலக அலமாரியில் பதினாறு கோப்பைகள் இருக்கின்றன, பதினாறும் கதை சொல்லும் போட்டியில் வாங்கியவை. மேடையேறி வாங்கியது பிள்ளைகள், வாங்க வைத்தது சாந்தமேரி டீச்சர். ஐம்பத்து மூன்று வயது. ரயில்வே குவாட்டர்ஸில் ஆறு பிள்ளைகளுக்கு மூத்தவராகப் பிறந்து, தம்பி தங்கைகளை அதட்டி அதட்டியே தொண்டையை வளர்த்தவர். அவர் வாயைத் திறந்தால் பாசாரில் மீன்காரரே விலையைக் குறைத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவார்.

போட்டி விதியில் 'மாணவரின் சொந்தப் படைப்பு' என்றுதான் போட்டிருக்கும். அதெல்லாம் தாளோடு சரி! கதையை டீச்சர் எழுதுவார், பிள்ளை மனப்பாடம் பண்ணும். எங்கே கையை நீட்டுவது, எங்கே கண்ணை உருட்டுவது என்பது வரைக்கும் பயிற்சி உண்டு. "யார் எழுதியது?" என்று நடுவர் கேட்டால் "நானே எழுதினேன் ஐயா" என்று தலையைச் சாய்த்துச் சொல்லவும் பழக்கிவிடுவார்கள். எல்லாப் பள்ளியிலும் இதே கூத்துதான். ஊரோடு ஒத்து வாழ் என்று சாந்தமேரியும் பதினெட்டு வருஷம் எழுதித் தள்ளினார்.

இந்த வருஷம் தலைமையாசிரியர் கமலநாதன் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். ஒரு கடற்கரை, ஓர் ஆமை, அதன் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் பை, காப்பாற்ற ஓடிவரும் சிறுமி. வார்த்தையெல்லாம் பளபளவென்று இருந்தது.

"ஏஐகிட்ட கேட்டேன் டீச்சர், ஒரு நிமிஷம்கூட ஆகல. இதை ஷாமினிக்கு மனப்பாடம் பண்ணிக் குடுங்க. இந்தத் தடவை ஒண்ணாம் ஆண்டுல பதினோரு பிள்ளைங்கதான் லா. கோப்பை வந்தாத்தான் பெத்தவங்க நம்ம பக்கம் திரும்பிப் பார்ப்பாங்க."

உண்மையைச் சொன்னால் என்ன, சாந்தமேரிக்கு முதலில் வந்தது வயிற்றெரிச்சல்தான். நாம் இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதுவதை இது ஒரு நிமிஷத்தில் எழுதிவிட்டதே! தாளை வாங்கிக்கொண்டு வந்தார்.

ஷாமினி மூன்றாம் ஆண்டுப் பிள்ளை. வாசிப்பில் கொஞ்சம் மெதுவு, குரல் மட்டும் கணீரென்று இருக்கும். மூன்று நாளில் நெட்டுருப் போட்டுவிட்டாள். நான்காம் நாள் பாதியில் நிறுத்தினாள்.

"டீச்சர், 'நான் கடற்கரையில் நடந்தபோது'ன்னு வருது. நான் கடலுக்கே போனதில்ல. பொய் சொல்ற மாதிரி இருக்கு."

"கதைன்னா அப்படித்தான். சொல்லு."

"எங்க வீட்டுக்கு வெள்ளத்துல பியாவாக் வந்துச்சு டீச்சர். அதைச் சொல்லவா?"

பியாவாக் என்றால், பெரிய கால்வாய்களில் அலைகிற உடும்பு. "அதெல்லாம் போட்டிக்கு ஆகாது" என்று டீச்சர் ஒரே அதட்டாக அதட்டினார். பிள்ளை மறுபடியும் ஆமையை ஆரம்பித்தது. கையை நீட்டியது, கண்ணை உருட்டியது. அந்தக் கண்ணில் ஒன்றுமே இல்லை.

சாந்தமேரிக்குச் சுருக்கென்றது. அட, பதினாறு பிள்ளைகளும் இப்படித்தானே நின்றார்கள்! அவர்களுக்குச் சொல்ல என்ன இருந்தது என்று ஒரு நாளாவது கேட்டோமா? இப்போது மெஷின் எழுதுகிறது என்று திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? வெட்கமாகப் போய்விட்டது அவருக்கு.

"சரி, உன் பியாவாக்கையே சொல்லு."

"தண்ணி வந்துச்சு. பியாவாக் வந்துச்சு. அப்புறம் போயிருச்சு." அவ்வளவுதான்.

டீச்சருக்குக் கை துறுதுறுத்தது. மூணே வரி, இதை முப்பது வரியாக இழுத்துக் கொடுக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கேள்வி கேட்டு இழுக்கலாம் என்றால் அதுவும் ஆபத்து. கேள்விக்குள்ளேயே பதிலைச் சொருகிவிடுவார், பதினெட்டு வருஷப் பழக்கம் விடுமா? யோசித்தார். மடிக்கணினியைத் திறந்து அந்த ஏஐயிடமே போனார்.

'ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று வெள்ளத்தில் உடும்பு பார்த்ததைக் கதையாகச் சொல்லப் போகிறது. நீ ஒரு வரிகூட எழுதித் தரக்கூடாது. ஒவ்வொரு கேள்வியாகக் கேள்.' இதை மட்டும் தட்டினார். பிள்ளையின் பெயரோ பள்ளியோ போடவில்லை. வருகிற கேள்வியைத் தான் முதலில் படித்துப் பார்த்து, ஆகாததைத் தள்ளிவிட்டு, மிச்சத்தைத்தான் வாசித்துக் காட்டினார். 'அப்போது என்ன சத்தம் கேட்டது?' என்று வந்தது. ஃபிரிட்ஜ் மிதந்து சுவரில் இடித்த சத்தம் என்றாள் ஷாமினி. வீட்டில் யாருக்குப் பயம் வரவில்லை என்று அடுத்த கேள்வி. அதற்கு அவள் சிரித்துக்கொண்டே பத்து நிமிஷம் பதில் சொன்னாள். நடுவில் அது, 'அழகான தொடக்கம் ஒன்று எழுதித் தரட்டுமா?' என்று மூக்கை நுழைத்தது. "கேட்டதை மட்டும் செய்!" என்று டீச்சர் வாயாலும் அதட்டினார், விரலாலும் தட்டினார்.

விஷயம் தெரிந்து கமலநாதன் கொதித்தார். "உடும்பு கதைக்கு யார் டீச்சர் கோப்பை குடுப்பா? சொந்தப் படைப்புன்னு போட்ட தாள்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆமையைச் சொல்லச் சொல்லுங்க, இல்லாட்டி வேற பிள்ளையை அனுப்புறேன்."

"போட்டி மனுவுல ஷாமினி பேரு போயிருச்சு சார், இனிமே மாத்த முடியாது. அவ வாயில இனி நானும் திணிக்க மாட்டேன், உங்க மெஷினும் திணிக்காது. கையெழுத்து உங்க இஷ்டம்."

"அடுத்த வருஷம் போட்டிப் பொறுப்பு உங்களுக்கு இல்ல."

"தாராளமா எடுத்துக்குங்க!"

சனிக்கிழமை, வேறொரு பள்ளி மண்டபம். முதல் பிள்ளை மேடையேறி, கடற்கரையில் ஓர் ஆமையைக் கண்டது. நான்காவது பிள்ளையும் கடற்கரைக்குப் போய் அதே ஆமையைக் கண்டது. ஏழாவதாக ஏறிய வனேசா, "நான் கடற்கரையில் நடந்தபோது" என்றதும் மண்டபமே கொல்லென்று சிரித்துவிட்டது. பாவம், அந்தப் பிள்ளைக்கு முகம் செத்துப்போயிற்று. அழுதுகொண்டே சொல்லி முடித்து இறங்கியது. அதே மெஷினைக் கேட்டு எழுதிக் கொடுத்த பெரியவர்கள் யாரும் தலையை நிமிர்த்தவில்லை.

ஒன்பதாவது ஷாமினி. வெள்ளம் வந்தது, மாடிப்படிக்கு ஓடினார்கள், மூன்றாம் படியில் பியாவாக் ஏறி உட்கார்ந்தது. பக்கத்து வீட்டு லோகன் அங்கிள் கம்பை ஓங்கினார். அப்பா மட்டும், தண்ணீரில் இறங்கும்போதெல்லாம் "கொஞ்சம் வழி விடுங்க பாஸ்" என்று அதனிடம் கேட்டுக்கொண்டு போனார். மண்டபம் வேறு மாதிரி சிரித்தது. அப்போதுதான் நடுவர் பழனியப்பன் தாளைப் புரட்டிவிட்டு மணியை அடித்தார்.

"தலைமையாசிரியர் கையெழுத்து இல்லையே. கதை யாரும்மா எழுதியது?"

"யாரும் எழுதல சார். எங்க வீட்டுல நடந்துச்சு."

நடுவர் புன்னகைத்தார். "எல்லாப் பிள்ளையும் இதைத்தானே சொல்லுது. சாந்தமேரி டீச்சர் கைவண்ணம் எனக்குத் தெரியாதா?"

ஷாமினியின் உதடு துடித்தது. இந்த மேடையில் ஒரு பிள்ளை முதல்முறையாக மெய் சொல்கிறது, நம்ப ஆளில்லை. யாரால்? சாந்தமேரிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தார். அவருக்கு மைக் எதற்கு?

"சார், பதினாறு கோப்பை குடுத்தீங்களே, அந்தப் பதினாறு கதையும் நான் எழுதினது. பிள்ளைங்களைப் பொய் சொல்லச் சொன்னதும் நான்தான். வேணும்னா திங்கக்கிழமையே எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துர்றேன். இந்தக் கதையில என் வார்த்தை ஒண்ணுகூட இல்ல, மெஷின் வார்த்தையும் இல்ல. அது கேள்வி கேட்டுச்சு, இவ பதில் சொன்னா. நம்பிக்கை இல்லாட்டி அவளையே கேளுங்க!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. இத்தனை ஆசிரியர்கள் முன்னால் பட்டென்று உடைத்துவிட்டாரே! பழனியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கையெழுத்து இல்லாம மார்க் போட முடியாது டீச்சர். விதி விதிதான்."

"மார்க் வேணாம் சார். பிள்ளை சொல்லி முடிக்கட்டும். ஷாமினி, நீ சொல்லும்மா."

ஷாமினி மூக்கை உறிஞ்சினாள். கையையும் நீட்டவில்லை, கண்ணையும் உருட்டவில்லை. "ரெண்டு நாள் கழிச்சு தண்ணி இறங்குச்சு. பியாவாக் போயிருச்சு. நாங்க வீட்டைக் கழுவினோம். கழுவிக்கிட்டே இருந்தோம், சேறு போகவே இல்ல. அம்மா சேத்துலயே உக்காந்து அழுதாங்க. அப்பா அம்மாகிட்டயும், 'கொஞ்சம் வழி விடுங்க பாஸ்'னு சொன்னாரு. அம்மா அழுதுகிட்டே சிரிச்சாங்க. அவ்வளவுதான்."

யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் ஓர் அம்மா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தார். பழனியப்பன் பேனாவை மூடி வைத்துவிட்டார். ஆனாலும் நடுவர் இல்லையா, பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"கதையின் நீதி என்னம்மா?"

ஷாமினி டீச்சரைப் பார்த்தாள். சாந்தமேரி வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றார்.

"நீதியெல்லாம் இல்ல சார்," என்றாள் ஷாமினி. "வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு."