ஆறாவது படத்தின் கீழே

எனக்கு வரைய வரும், பேச வராது. அவளுக்குப் பேச வரும், ஒரு கோட்டை நேராக இழுக்க வராது. இந்தப் பொருத்தத்தை நம்பித்தான் இராமநாதபுரத்தில் ஒரு மாடியறையில் நாங்கள் இருவரும் டிசைன் ஸ்டுடியோ தொடங்கினோம். இரண்டாயிரத்து ஏழாம் வருடம் என்று நினைவு. கல்யாணப் பத்திரிகை, கடைப் போர்டு, துணிப்பை, நோட்டீஸ் என்று எது வந்தாலும் செய்தோம். அறை அவளுடைய சித்தப்பா கட்டடத்தில் இருந்தது. அதனால் வாசல் போர்டில் அவள் பெயர் மட்டும் இருந்தது. "பெரிய வேலை ஒண்ணு கைக்கு வரட்டும்டி, ஒம் பேரையும் சேத்துப் பெருசாப் போட்ருவோம்" என்று அவள்தான் சொன்னாள். நான் கேட்கவில்லை. கேட்காமல் கிடைத்த வாக்கு என்பதால் முழுசாக நம்பினேன்.

அவளுடையது திருவாடானைப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். என் அய்யா அதே ஊரில் கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். அவர்கள் வயலில் என் அம்மா நாற்று நட்டிருக்கிறாள், அதை நான் மறைத்ததில்லை. கல்லூரியில் நாங்கள் ஒரே பெஞ்சு. அவள் டிபனில் பாதி எனக்கு, அவள் ரெக்கார்டு நோட்டில் இருந்த படம் எல்லாம் என் கை. படிப்பு முடிந்ததும் மதுரைக்குப் போய்க் கம்ப்யூட்டர் டிசைன் படித்தேன். அய்யா நாலு ஆட்டை விற்று என்னைச் சேர்த்துவிட்டார். ஊருக்குப் போகும்போதெல்லாம், "ஆத்தா, போர்டுல ஒம் பேரு வந்துருச்சா?" என்று கேட்பார். அவருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாது. ஆனாலும் வந்தால் பஸ் ஏறி வந்து பார்ப்பேன் என்று சொல்லியிருந்தார்.

ஆரம்பத்தில் வேலை பிடிப்பது பெரும்பாடாக இருந்தது. மூன்று மாதிரி வரைந்து, கலர் பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போவோம். ஒன்றுதான் எங்களுக்குப் பிடித்தது. மற்ற இரண்டும் ஒப்புக்கு. கடைக்காரர் கண்டிப்பாக அந்த ஒப்புக்குச் சப்பாணியைத்தான் எடுப்பார். பிரிண்ட் கை மாறி மாறிப் போகும், ஒருவர் டீ கிளாஸை அதன் மேல் வைப்பார், எங்கிருந்தோ வந்த மச்சினர் "சிவப்பு கொஞ்சம் கூட்டுங்க" என்பார். முதலாளி மகன் துபாயில் இருந்தால் கதை இன்னும் மோசம். மெயிலில் அனுப்பினால் பைல் திறக்காது. திறந்தாலும், எங்கள் தமிழ் எழுத்து அங்கே போய் எறும்பு ஊர்ந்த மாதிரி கிடக்கும்.

பிறகுதான் இணையத்திலேயே ஸ்லைடு செய்து, அதன் லிங்க்கை மட்டும் அனுப்பும் வசதி வந்தது. அதை நான்தான் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கண்டுபிடித்தேன். ஒவ்வொரு ஸ்லைடையும் முழுப் படமாக மாற்றி ஏற்றினால் எழுத்து உடையாது. கீழக்கரையில் ஒருவர், துபாயில் ஒருவர், இராமநாதபுரத்தில் நான் என்று மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் பார்க்கலாம். என் மேசையிலிருந்து நான் படத்தை மாற்றினால் எல்லாருக்கும் மாறும். அவள் கம்ப்யூட்டரைத் தட்டாமல் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசலாம். லிங்க்கை முன்கூட்டியே அனுப்பக் கூடாது என்பதை ஒரு வேலையைக் கோட்டைவிட்ட பிறகு கற்றுக்கொண்டோம். முதல் படத்தில் எங்கள் பெருமையைப் போடாமல் அவர் கடையைப் போட வேண்டும், மூன்று மாதிரி காட்டாமல் ஒன்றை மட்டும் காட்டி அது ஏன் என்று சொல்ல வேண்டும். இதெல்லாம் எவரும் சொல்லித் தரவில்லை. அடிபட்டுத் தெரிந்துகொண்டோம்.

கீழக்கரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடை புதிதாகத் திறக்கப் போவதாகத் தெரிந்தபோது நாங்கள் தயாராக இருந்தோம். போர்டு, பை, பில் புத்தகம், பெட்டி என்று மொத்த வேலையும் ஒரே இடத்தில் கொடுக்கப் போகிறார்கள். அவள் சொன்ன அந்தப் பெரிய வேலை இதுதான். ஒரு மாதம் வேறு எதையும் தொடவில்லை. கட்டி முடியாத அந்தக் கடையின் எதிரில் உச்சி வெயிலில் நின்று போட்டோ எடுத்து, அதன் நெற்றியில் என் போர்டைப் பொருத்தினேன். வெயில் நேராக அடித்தாலும் எழுத்து தெரிகிறது என்று காட்டுவதற்காக. அது ஏழாவது படம். அதற்கு முன்னால், ஆறாவதாக, என் வரைபட நோட்டை வைத்தோம். பென்சிலில் அடித்துத் திருத்திய எழுத்துகள், நோட்டின் மேல் என் கை. கிறுக்கலைக் காட்டினால் கடைக்காரருக்கு நம்பிக்கை வரும் என்று சொன்னது அவள். இதில் அவளைக் குறை சொல்ல மாட்டேன், சரியாகத்தான் சொன்னாள்.

காட்டப் போகிற நாள் காலையில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பார்த்தேன். அந்த ஸ்லைடில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே பேசுகிறவர் குறிப்பு எழுதிக்கொள்ள ஓர் இடம் உண்டு. பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது, எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். முந்தின நாள் அவள் வீட்டிலிருந்து அதில் எழுதியிருந்தாள். ஆங்கில எழுத்தில் தமிழ், அப்போதெல்லாம் அப்படித்தான் தட்டுவோம். முதல் படத்தின் கீழே, "சிரிச்சுக்கிட்டே ஆரம்பி" என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவதில், "பாய் பேசினா குறுக்க பேசாத." கடை முதலாளியைச் சொல்கிறாள், அதுவும் நல்ல புத்திதான். அப்படியே இறங்கி ஆறாவதுக்கு வந்தேன்.

"யாரு வரஞ்சதுன்னு கேட்டா: எங்க வயல்ல வேல பாத்தவுக வீட்டுப் புள்ள. நாந்தான் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுத்து வேலைக்கு வச்சிருக்கேன். நான் சொல்றத அப்படியே போட்டுக் குடுக்கும். நல்ல புள்ள."

மூன்று முறை வாசித்தேன். வயல் என்றது பொய்யில்லை, அது சுடவில்லை. 'குடுக்கும்' என்ற அஃறிணையும், கடைசியில் ஒட்டியிருந்த அந்த 'நல்ல புள்ள'யும்தான் சுட்டன. மாட்டைப் பற்றிக்கூட இப்படித்தான் சொல்வார்கள், முட்டாது, நல்ல மாடு என்று.

அவள் அதற்குள் கீழக்கரைக்குப் பஸ் ஏறிவிட்டாள். போனில் கூப்பிட்டுச் சண்டை போட்டிருக்கலாம். எனக்குக் கோபம் வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதுதான் என் சாபம். அந்தக் குறிப்பை மட்டும் அழித்தேன். ஆறாவது படத்தைத் தொடும்போது கீழே வெறுமையாக இருப்பதைப் பார்ப்பாள், நான் படித்துவிட்டேன் என்று தெரிந்துகொள்வாள், வெட்கப்பட்டு உண்மையைச் சொல்லிவிடுவாள். அப்படித்தான் நினைத்தேன். அவ்வளவு நம்பியிருக்கிறேன், பாருங்கள்.

பதினொரு மணிக்கு அவர்களுடைய பழைய கடையில் தொடங்கியது. அவள் முன்னால் குறிப்பு தெரியும் லேப்டாப், முதலாளிப் பெரியவர் முன்னால் கடைக் கம்ப்யூட்டர். பெரியவரின் மகன் துபாயிலிருந்து கடைப் போனில் ஸ்பீக்கரில் இருந்தார். எப்போது படத்தை மாற்ற வேண்டும் என்று எனக்குக் கேட்பதற்காக அவள் செல்போனை என்னோடு இணைப்பிலேயே வைத்திருந்தாள். அங்கே பேசியது ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்டது. அவள் பேச்சு வழக்கம்போல் அருமை. ஐந்து படம் வழுக்கிக்கொண்டு போனது. ஆறாவதுக்கு மாற்றினேன்.

துபாயிலிருந்து குரல் வந்தது. "எழுத்து அழகா இருக்கே. யாரு கை இது?"

அவள் பேசவில்லை. கீழே பார்த்திருப்பாள், ஒன்றும் இருந்திருக்காது. சொல்லிவிடு, ரெண்டு பேரும் சேர்ந்து நடத்துற கடைன்னு ஒரு வாக்கியம் போதும் என்று போனைப் பார்த்துக் கெஞ்சினேன்.

"அது எங்ககிட்ட வேல பாக்குற புள்ள" என்றாள். "எங்க வயல்ல வேல பாத்தவுக வீட்டுப் புள்ளதான். நாந்தான் கம்ப்யூட்டரெல்லாம் சொல்லிக் குடுத்து வச்சிருக்கேன். பாவம், நல்ல புள்ள." எழுதியிருந்ததைத்தான் சொன்னாள். 'பாவம்' மட்டும் கூடுதல்.

எனக்குத் தெரியாமல் சொல்லியிருந்தால் பயந்துகொண்டு செய்தாள் என்று மன்னித்திருப்பேன். நான் படித்ததும் தெரியும், நான் கேட்டுக்கொண்டிருப்பதும் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

பெரியவர் நெகிழ்ந்துவிட்டார். "மாஷா அல்லா! ஏழப் புள்ளைக்கு ஒரு வழி காட்டியிருக்கியேம்மா. போகும்போது அந்தப் புள்ளைக்கும் ஒரு சேல எடுத்துட்டுப் போ." அவர் மேல் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. நல்ல மனசு, தப்பான தகவல்.

"அடுத்த படம்" என்று அவள் சொன்னாள். மவுஸ் மேல் என் கை இருந்தது. மாற்றாமல் விட்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அடுத்தது என் போர்டு, உச்சி வெயிலில் நின்று எடுத்தது. அதை யாராவது பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. மாற்றினேன். துபாய்க்காரர் தன் அப்பாவிடம், "வாப்பா, இதுதான், இதையே முடிச்சிருங்க" என்றார்.

சாயங்காலம் அவள் துள்ளிக்கொண்டு வந்தாள். நீலச் சேலை ஒன்றை மேசையில் வைத்து, "அவுக ஒனக்குன்னு குடுத்துவிட்டாக" என்றாள். நான் அதைத் தொடவில்லை.

"ஏண்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? ஒரு பேச்சுக்குச் சொன்னது. ஓனரு நான் ஒருத்தின்னாத்தான் அவுகளுக்கு ஒரு நம்பிக்க இருக்கும். ரெண்டு பேருன்னா யார்ட்டப் பேசுறதுன்னு கொழம்பிருவாக."

"அப்ப போர்டுல பேரு?"

"இப்பத்தான் அவுகட்ட இப்படிச் சொல்லிட்டு வந்துருக்கேன். ஒடனே மாத்துனா நல்லாவா இருக்கும்? பொறவு பாப்போம்."

அந்தப் 'பொறவு' எந்த மாதம் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அவள் சித்தப்பாவிடம் நல்ல செய்தி சொல்லக் கீழே இறங்கிப் போனாள். நான் சேலையைப் பிரித்தேன். நல்ல சேலைதான், சரிகை மெல்லிசாக ஓடியது. தூசி படாமல் இருக்கட்டும் என்று கம்ப்யூட்டரின் மேல் போர்த்தினேன். அறைச் சாவியை அதன் மேல் வைத்துவிட்டு, என் நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு திருவாடானை பஸ்ஸைப் பிடித்தேன். வழியெல்லாம் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரம்மா யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

மூன்றாம் நாள் காலையில் அய்யாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு மூட்டத்துக்குப் போயிருந்தேன். ஏன் வந்தாய் என்று அவர் அதுவரை கேட்கவில்லை. அங்கே வைத்துத்தான் போன் அடித்தது.

"ஏய், எங்கடி போய்த் தொலஞ்ச? போர்டுல பச்சைய லேசாக் கொறைக்கச் சொல்றாக. அது எந்த பைல்ல கெடக்கு? எப்படித் தொறக்குறது? தொறந்தாலும் ஒண்ணும் நகர மாட்டேங்குது."

ஒட்டிக்கொண்ட நாக்கு அப்போதுதான் பிரிந்தது. "ஒனக்குத் தெரியாததா? நீதானடி எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுத்த."

போனை வைத்துவிட்டேன்.

அய்யா கரி படிந்த கையைக் கழுவிக்கொண்டே, "யாருத்தா போன்ல?" என்றார்.

"எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுத்தவய்யா."

அவர் கை அப்படியே நின்றது. தண்ணீர் மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது.

"அதுக்குத்தான நம்ம ஆட்ட வித்தோம்?" என்றார்.