சின்னவன் கையால் ஒரு வாய்ப் பால்

பிள்ளைகளே, உங்கள் தாத்தாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவர் வேர்க்கடலையில் தயிர் தோய்த்த அந்தக் காலைதான். ஊறவைத்த கடலையைத் தோல் நீக்கி, மிக்சியில் அரைத்து, என் பழைய வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்து அதில் ஊற்றிப் பிழிந்து, அந்தப் பாலை அடி பிடிக்காமல் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து மண்சட்டியில் மூடி வைத்திருந்தார். மறுநாள் திறந்தபோது சட்டியைச் சாய்த்தாலும் அசையாமல் இறுகிக் கிடந்தது. “சின்னவனே, வந்து பாரு. கடைத் தயிர் தோத்துது போ” என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. சின்னவன் என்றால் என் தம்பி, உங்கள் சித்தப்பா. வெகுநாள் கழித்துத் தயிர்சோறு தின்கிற ஆசையில் குனிந்த தலை நிமிராமல் தின்றான். கம்பெனிக்கும் டப்பாவில் கட்டிக்கொண்டு போனான். இப்படியே சில நாள் போனது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சும்மா கேட்டான்: “உறைக்கு இன்னா ஊத்துற நைனா?”

“இன்னாடா கேள்வி இது? பக்கத்து ஊட்ல ஒரு கரண்டி மோர் வாங்கினாந்து ஊத்துறேன். உறை இல்லாம தயிர் எப்பிடிடா தோயும்?”

தம்பியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டான். நைனா சட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒரு கரண்டிதானே பெர்யவனே. அந்த ஒரு கரண்டியில இன்னா, மாடா வந்து நிக்கப் போவுது?” என்றார். நைனாவைப் பார்த்தால் நைனா சொல்வது சரி. தம்பியின் தட்டைப் பார்த்தால் தம்பி பக்கம் சரி. எங்கள் வீட்டில் எனக்கு வாய்த்த இடமே அதுதான், இரண்டு பேருக்கும் நடுவில்.

உங்கள் சித்தப்பா எதையும் படித்துவிட்டுப் பாலை விட்டவன் இல்லை. இப்போது எங்கள் கம்பெனிக்குப் புதிதாக வரும் இன்ஜினியர் பிள்ளைகள் இதற்கு வீகன் என்று பெயர் சொல்கிறார்கள். அந்தப் பெயரெல்லாம் எங்களுக்கு ரொம்பப் பிற்பாடுதான் தெரியும். அவன் ஐ.டி.ஐ. போய்க்கொண்டிருந்த காலத்தில் எங்களிடம் ஒரு பசு இருந்தது. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். நைனாவின் லோடிங் கூலியும் அந்தப் பசுவின் பாலும் சேர்ந்துதான் அடுப்பு எரிந்தது. ஒரு மழைக்காலத்தில் கன்று செத்துப்போனது. கன்று எதிரில் இல்லாவிட்டால் பசு பாலை இறக்காது, மடியில் கை வைத்தாலே உதைக்கும். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதைத்தான் நைனாவும் செய்தார். செத்த கன்றின் தோலை உரித்துக் காயவைத்து, உள்ளே வைக்கோல் அடைத்துத் தைத்தார். கறக்கும்போது அந்த வைக்கோல் கன்றைப் பசுவின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பது தம்பியின் வேலை. பசு அதை முகர்ந்து பார்க்கும். நக்கும். நக்க நக்க மடியில் பால் இறங்கும். ஒருநாள் காலையில் தையல் பிரிந்து, பசுவின் நாக்கோடு வைக்கோல் வந்துவிட்டது. பசு அந்த வைக்கோலை மென்று தின்றது. தின்றுவிட்டு மறுபடியும் கன்றை நக்கியது.

அன்றைக்கு டீயை வேண்டாம் என்று தள்ளி வைத்தவன்தான். “அது செத்த கன்னுன்னு அதுக்குத் தெரியாதுன்னா நெனைக்கிறண்ணா?” என்று என்னிடம் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. பாலில் தொடங்கி மோர், நெய் என்று போய், பிறகு முட்டை, மீன், கறி எல்லாவற்றையும் விட்டான். நைனா முதலில் திட்டினார். “பால் இல்ல, மீன் இல்ல, இன்னாத்தத் துன்னுட்டு நீ கம்பெனியில இரும்பு தூக்குவ?” என்று கேட்டார். திட்டிக்கொண்டே பசுவை விற்றார். அந்தக் கன்றைத் தைத்தது தன் கை என்பது அவர் மனதில் இருந்ததா என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. அதன்பிறகு அவர் அடுப்பின் முன்னால் நின்ற விதம் மட்டும் மாறிப்போனது.

அதுவரை நைனா சமைப்பது வயிறு நிறைய மட்டும்தான். சோறு, கருவாட்டுக் குழம்பு, அதோடு முடிந்தது. இப்போது ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்கினார். கேழ்வரகுக் கூழில் மோருக்குப் பதிலாக நீராகாரம் ஊற்றிக் கரைத்தார். மொச்சையும் கத்திரிக்காயும் போட்டுக் காரக்குழம்பு வைத்து, “கண்ண மூடிக்கினு துன்னு, மீன் கொழம்பு மாதிரியே இருக்கும்” என்பார். இருக்காது. ஆனாலும் நன்றாக இருக்கும். கருவாடு வறுத்த சட்டியின் வாடை படக்கூடாது என்று தம்பிக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. மோர் இல்லாமல் கடலைத் தயிர் தோய்ப்பதற்குக்கூட வழி கண்டுபிடித்தார். கம்பெனியில் பெருக்கும் அம்மா ஒருவர் சொன்னாராம், பச்சை மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் பாலில் போட்டால் உறைந்துவிடும் என்று. முதல் தடவை தண்ணீராகவே நின்றது. அடுத்த தடவை காரம் ஏறிவிட்டது. விடாமல் செய்து ஒருநாள் சரியாக வந்தபோது சட்டியை அவன் முன்னால் வைத்து, “மோர் இல்லடா. சத்தியமா காம்புதான்” என்றார். பெற்றவர் பிள்ளையிடம் சத்தியம் செய்து சோறு போட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உங்கள் அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் இதைப் பார்த்துத் திகைத்துப் போனாள். “மாமா, இது ஊடா ஓட்டலா? ஆளுக்கொரு மெனு போட்டா நான் எங்க போறது?”

“நீ உன் புருஷனுக்கு ஆக்கும்மா. என் புள்ளைக்கு நான் ஆக்கிக்கிறேன். யாருக்கும் பேஜாரு இல்ல.”

“அப்போ என் புருஷன் உங்க புள்ள இல்லியா?”

“அவன் எதப் போட்டாலும் துன்னுவான். அவனுக்கு இன்னாத்துக்கு நான்?”

உங்கள் அம்மா இதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். ஆர்.கே.பேட்டையில் உறவுக்காரர் கல்யாணம் என்றால் நைனா கையில் டிபன் கேரியர் இருக்கும். பந்தியில் நெய் ஊற்றாத இலை எங்கே இருக்கிறது? மண்டபத்தின் பின்பக்கம் உட்காரவைத்துத் தம்பிக்குப் பரிமாறுவார். “இன்னா, புள்ளைக்குப் பத்தியமா? பேறுகாலமா?” என்று மாமன் மச்சான்கள் கிண்டல் செய்வார்கள். நைனா சட்னியை அள்ளி வைத்துக்கொண்டே, “ஆமா, பொம்பளப் புள்ள. பேரு வெக்க வந்துடுங்க” என்பார்.

ஆனால் நைனா பாலை விடவில்லை. அதையும் நான் சொல்லியாக வேண்டும். லோடிங்கை விட்டுப் பிற்பாடு சேர்ந்த வாட்ச்மேன் வேலை முடிந்ததும் புதுவாயல் கூட்டுரோட்டு டீக்கடையில் நின்று, ஏடு மிதக்கும் டீயை ஊதி ஊதிக் குடிப்பார். பிறகு வாயைக் கொப்பளித்து, வெற்றிலை போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவார். தம்பி ஒருநாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நைனா, மீசையில நுரை” என்றான். நைனா பதறிப்போய்த் துடைத்தார். நுரையே இல்லை. இருவரும் சிரித்த சிரிப்பில் உங்கள் அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள்.

அப்புறம் ஒருநாள் நைனா கொல்லையில் விழுந்தார். ஒரு பக்கம் செயலற்றுப் போனது. பேச்சும் போய்விட்டது. கண் மட்டும் எல்லோரையும் தொடர்ந்து வரும். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு அடுப்பு தம்பி கைக்குப் போனது. கஞ்சியை வடித்து, மையாக மசித்து, கரண்டி கரண்டியாகக் கொடுப்பான். கொஞ்சநாள் இறங்கியது. பிறகு அதுவும் நின்றுபோனது. மூச்சு மட்டும் கரகரவென்று போய்வந்துகொண்டிருந்தது.

சேதி கேட்டு ஆர்.கே.பேட்டையிலிருந்து நைனாவின் அக்கா, எங்கள் அத்தை, வந்து சேர்ந்தார். வந்தவர் நைனாவின் நெற்றியைத் தடவிப் பார்த்துவிட்டு, “உசிரு இழுத்துக்கினு கெடக்குதுடா. எதுக்கோ காத்துக்கினு கீறான். புள்ளைங்க கையால ஒரு வாய்ப் பால் எறங்கினா நிம்மதியாப் பூடுவான்” என்றார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. போகிற உயிருக்குப் பெற்ற பிள்ளைகள் பால் ஊற்ற வேண்டும். உயிர் போகாமல் தவிக்கிறது என்றால், யாரோ ஒருவர் கை பாலுக்காகத் தவிக்கிறது என்பார்கள். நான் ஊற்றினேன். உங்கள் அம்மா ஊற்றினாள். நைனாவின் மூச்சு அப்படியேதான் இருந்தது. எல்லோருடைய பார்வையும் வாசல்படியில் நின்ற தம்பி மேல் போனது.

“அவன் பாலத் தொட மாட்டானே” என்று யாரோ சொன்னார்கள்.

“தொட வேணாம், குடிக்கவும் வேணாம். அப்பன் வாயில ஊத்தச் சொல்றேன்” என்றார் அத்தை. “உங்கப்பன் உசிர விட மாடு பெர்சாடா உனக்கு?”

தேங்காய்ப்பால் பிழிந்து தரட்டுமா என்று உங்கள் அம்மா மெதுவாகக் கேட்டாள். “இங்க இன்னா பாயசமா காய்ச்சறோம்?” என்று அத்தை அழுதுகொண்டே சீறினார். தம்பி என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்லுவேன் என்று எதிர்பார்த்தான். ஊற்று என்றால் அவன் இத்தனை காலம் வாழ்ந்ததை நானே அழித்தது போல. வேண்டாம் என்றால் அந்தக் கரகரக்கும் மூச்சுக்கு யார் பதில் சொல்வது?

அவன் உள்ளே வந்தான். “தலையத் தூக்கிப் புடிண்ணா” என்றான். நான் கட்டிலில் பின்னால் உட்கார்ந்து நைனாவை என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டேன். தம்பி டம்ளரை வாங்கி, ஒரு சொட்டைத் தன் புறங்கையில் விட்டுச் சூடு பார்த்தான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பால் அவன் தோலில் பட்டது அப்போதுதான். “டீக்கடைப் பால் இல்ல நைனா. ஊட்ல காய்ச்சினது. குடி” என்று சொல்லி, கரண்டியால் ஊற்றினான்.

நைனா போகவில்லை. மறுநாளும் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. “மனசு ஒப்பாம ஊத்தினா எப்பிடிடா உசிரு அடங்கும்? மனசார ஊத்துடா, உனக்குப் புண்ணியமாப் போவுது” என்று அத்தை அவன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். அவன் மறுபடியும் ஊற்றினான். அதற்கு மறுநாளும் ஊற்றினான். யாரும் அவனைத் திட்டவில்லை, எல்லோரும் அழுதுகொண்டேதான் சொன்னார்கள். திட்டியிருந்தால்கூட எதிர்த்துக் கத்தியிருப்பான். ஒவ்வொரு தடவையும் கையைக் கழுவிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் நிற்பான். நான் பின்னாலேயே போய்ப் பக்கத்தில் நிற்பேன். “மனசாரத்தாண்ணா ஊத்துறேன்” என்றான் ஒருமுறை. “மனச எப்பிடிண்ணா தொறந்து காட்டுறது?”

கடைசியில் யாரும் எதையும் ஊற்றாத ஒரு மத்தியானத்தில் நைனா போய்விட்டார். அத்தை அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். தம்பி புதுவாயலுக்கு மருந்து வாங்கப் போயிருந்தான். எரித்த மறுநாள் சுடுகாட்டில் சாம்பல் மேல் பால் தெளிக்க வேண்டும். அன்றைக்கு அவனை யாரும் கூப்பிடவில்லை. அவனாகவே வந்து சொம்பை வாங்கிக்கொண்டான்.

மகளே, இதையெல்லாம் நான் எழுதுவது உனக்காகத்தான். போன மாதம் நீ இனிமேல் பால் குடிக்க மாட்டேன் என்று சொன்னாய். உன் அம்மா டம்ளரைப் பிடித்துக்கொண்டு உன் பின்னாலேயே நடக்கிறாள். சித்தப்பா உனக்காகப் பேசுவார் என்று நினைத்திருந்தாய். ஞாயிற்றுக்கிழமை, இப்போது குடியிருக்கும் திருநின்றவூரிலிருந்து வந்தவன், “அம்மா சொல்றதக் கேளும்மா” என்று மட்டும் சொன்னான். நீ கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். உன் சித்தப்பா மாறவில்லை. இன்றைக்கும் அவன் வாயில் ஒரு சொட்டுப் பால் போனதில்லை. உன்னைத் தடுக்கவும் அவனுக்கு மனமில்லை, வா என்று கூப்பிடவும் துணிவில்லை. நானும் உனக்கும் உன் அம்மாவுக்கும் நடுவில் நின்றுகொண்டிருக்கிறேன். எனக்கு அது பழகிய இடம்தான். பழகியும் ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

நீ உள்ளே போன பிறகு அவனை வழியனுப்ப வாசலுக்குப் போனேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டவன், வண்டியைக் கிளப்பாமல் நின்றான். ஒவ்வொரு தடவை வந்துபோகும்போதும் கேட்பதைத்தான் அன்றும் கேட்டான்.

“நைனா முழுங்கினாரு இல்லண்ணா?”

“முழுங்கினாருடா” என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டுக் கிளம்பினான். அவன் பால் ஊற்றிய அன்று நான் நைனாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய நரைத்த உச்சந்தலை மட்டும்தான். எழுந்தபோது என் சட்டையின் முன்பக்கம் பாலில் நனைந்திருந்தது.