மூன்று கடை, ஒரே டெம்போ

போன வாரம் எனக்குத் தூக்கம் போனது. காய்ச்சல் இல்லை... ஜிப்!

சிரிக்காதீர்கள். தாராவியில் ஸ்கூல் பேக் தைக்கும் பட்டறை நடத்துகிறாள் என் அக்கா செல்வி. செம்பூரில் கடை வைத்திருக்கும் சேட் ஒருவர், நடுவில் ஏஜென்ட் இல்லாமல், முதல் தடவையாக அவளுக்கே நேராக ஆர்டர் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை ஸ்கூல் திறப்பு. சனிக்கிழமை பேக் கடையில் இருக்க வேண்டும். இருந்தால் வருஷா வருஷம் ஆர்டர். இல்லாவிட்டால்... மறுபடி ஏஜென்ட் வாசல்தான்.

வியாழக்கிழமை மழை பிடித்தது. மும்பை மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லவும் வேண்டுமா? பட்டறையில் ஜிப் தீரும் நிலை.

எனக்குப் பயமே இல்லை — அப்போது. சப்ளை செயின் கோர்ஸ் படித்தவள் அல்லவா? 'ஒரே கடையை நம்பாதே' என்று அக்காவை நச்சரித்து, ஒன்றுக்கு மூன்று ஜிப் கடை பிடித்து வைத்திருந்தோம். மூன்றும் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஊர்க்காரர்கள் கடை. ஊர்க்காரரை விட்டு வேறு எங்கே போவோம் நாங்கள்?

முதல் கடைக்கு போன் போட்டேன். "ஜிப் மால் உல்லாஸ்நகர் கம்பெனில இருந்து வரணும் தாயி. டெம்போ தண்ணியில நிக்கு."

இரண்டாவது கடை. அங்கேயும் உல்லாஸ்நகர். அங்கேயும் தண்ணீர்.

மூன்றாவது கடைக்காரரிடம் நேராகவே கேட்டேன். "அண்ணாச்சி... உங்க மாலும் அந்த டெம்போலதானா?"

"பின்ன? நாங்க மூணு பேரும் ஒரே ஊருல்லா! சேத்து ஏத்துனா வாடகை மிச்சம்லா!" பெருமை வேறு.

அக்கா என்னைப் பார்த்தாள். "ஏட்டி, ஒன் படிப்புல இதுக்கு என்ன எழுதிருக்கு?"

சந்துத் தண்ணீர் வாசற்படியைத் தொட்டுவிட்டது. இருக்கும் ஜிப்பில் எந்த பேக்கைத் தைப்பது என்று தெரியாமல் மிஷின்கள் நின்றுவிட்டன. அக்கா போனை எடுத்தாள்.

"சேட்டுக்கா? வேண்டாம்க்கா! விஷயம் தெரிஞ்சா கேன்சல் பண்ணிருவாரு!"

"சனிக்கிழமை வெறுங்கையோட போய் நின்னா மட்டும் மாலை போட்டுருவாராக்கும்?"

ஜிப் குறைவு, எந்த பேக் முதலில் வேண்டும் என்று இந்தியில் கேட்டாள். ஆர்டர் கட் என்றுதான் நினைத்தேன்.

சேட் சொன்னார்: "சோட்டே பச்சோங்கா பஹலே தோ." சின்னப் பிள்ளைகளுடையதை முதலில் கொடு! பெரிய பிள்ளைகள் ஒரு வாரம் பழைய பையைத் தூக்கிக்கொள்வார்களாம்.

ஜிப்பை ரோலிலிருந்து வெட்டித்தான் தைப்போம்; சின்ன பேக்குக்குச் சின்னத் துண்டு. கையில் இருந்தது போதும்! மிஷின்கள் மறுபடி ஓடின.

சனிக்கிழமை பிளாஸ்டிக் ஷீட் சுற்றி, மழையோடு மழையாகக் கொண்டுபோய் இறக்கினோம். "அடுத்த வருஷம்..." என்று அக்கா இழுத்தாள். "முன்னாடியே போன் பண்ணீங்களே, அந்த மாதிரி ஆளுக்குத்தான் ஆர்டர்," என்றார் சேட்.

யோசித்துப் பாருங்கள். சரக்கு வாங்கும்போது விலை கேட்கிறோம், கடன் கேட்கிறோம். 'உங்களுக்கு இது எங்கிருந்து வருகிறது?' என்று யார் கேட்கிறோம்? அந்த ஒரு கேள்வியை முன்பே கேட்டிருந்தால் இந்தத் தவிப்பு மிச்சம்.

இப்போது நான்காவதாக ஒரு கடை. ஊர்க்காரர் இல்லை, மால் சூரத்திலிருந்து வருகிறது. "யாரோ எவரோ..." என்று அக்காவுக்கு முணுமுணுப்பு.

நிம்மதியா என்கிறீர்களா? எங்கள் பேக்கைக் கொண்டுபோக இரண்டு டெம்போக்காரர்கள் இருக்கிறார்கள். வண்டியை எங்கே நிறுத்துவீர்கள் என்று நேற்றுதான் இருவரையும் கேட்டேன்.

இரண்டு பேரும், மழைத் தண்ணீர் தேங்கும் ஒரே பள்ளத்தில்!